மணலி - மூக்கு பழகிய கதை

போன மாசம் ஆபீஸ் நண்பன் ஒருத்தன் எங்க வீட்டுக்கு சாப்பிட வந்தான். பொள்ளாச்சிப் பையன், தென்னந்தோப்புக்கு நடுவுல வளர்ந்தவன். மணலி பஸ் ஸ்டாண்டுல இறங்கின உடனே கர்சீப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கிட்டு, "என்னடா மச்சி, இவ்ளோ நாத்தம்?"ன்னு கேட்டான்.

"எந்த நாத்தம்?"னு கேட்டேன் நான்.

கிண்டல் பண்றேன்னு நினைச்சுட்டான். சத்தியமா இல்லைங்க. எனக்கு நிஜமாவே ஒண்ணும் தெரியலை. பிறந்ததுலேர்ந்து இருபத்தெட்டு வருஷமா இழுத்து விடுற காத்து. மீன் விக்கிற அம்மாவுக்குக் கூடையோட வாசனை தெரியுமா என்ன?

அன்னிக்கு ராத்திரி சரியா தூக்கம் வரலை. ஒரே ஊரு, ஒரே காத்து. அவனுக்கு அது நாத்தம், எனக்கு அது வீடு. அப்போ இயற்கை, மாசு, பருவநிலை மாற்றம்னு நாம பேசறதெல்லாம் நாம எங்க வளர்ந்தோம், என்ன பட்டோம்கறதைப் பொறுத்ததுதானா? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு எங்க ஊர் வரலாறைக் கொஞ்சம் துருவினேன். அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆபீஸ்ல ஆணி கம்மியா இருக்கிற நாளா பாத்து படிங்க :-)

மணலின்னு சொன்னதும் எங்க டீம்ல இருக்கிற வடநாட்டு நண்பர்கள், "ஓ, பனி எல்லாம் விழுமே!"ம்பாங்க. அது இமாச்சலத்துல இருக்கிற மனாலிங்க. எங்க ஊர்லயும் ஏதோ விழும், ஆனா வெள்ளையா இருக்காது. மொட்டை மாடியில காயப்போட்ட வேட்டியை எடுத்துப் பாத்தா தெரியும்.

*

சரி, கொசுவத்தியை நல்லா பின்னாடி வரைக்கும் சுத்திடுவோம்.

இப்ப மணலின்னு கூகுள்ல தேடினா குழாயும் புகைபோக்கியுமாத்தான் படம் வருது. ஆனா கர்நாடக சங்கீதம் தெரிஞ்சவங்களுக்கு வேற ஒரு மணலி தெரியும். சங்கீத மும்மூர்த்திகள்ல ஒருத்தரான முத்துசுவாமி தீட்சிதர் (பிறந்தது 1775) தன்னோட இளமைக் காலத்துல ஒரு பகுதியைக் கழிச்சது இங்கதான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்களுக்கு துபாஷா இருந்த மணலி முத்துகிருஷ்ண முதலியார், தீட்சிதரோட அப்பா ராமசுவாமி தீட்சிதரைக் குடும்பத்தோட இங்க கூட்டிக்கிட்டு வந்து ஆதரிச்சார். அவருக்கு அப்புறம் அவர் மகன். கோட்டையில வெள்ளைக்காரங்க வாசிச்ச பேண்டு இசையை தீட்சிதர் கேட்டதும், அந்த மெட்டுகள்ல சமஸ்கிருத சாகித்யம் போட்டு 'நோட்டுஸ்வரம்' பண்ணினதும் இந்த மணலி வாசத்தோட ஒட்டிய கதைதான். இங்கேருந்துதான் அவர் காசிக்குப் போனார்.

ஒரு பெரிய பணக்காரர், சங்கீத வித்வான் குடும்பத்தைக் கொண்டுவந்து வாழ வைக்கிற மாதிரியான ஊரா இது இருந்திருக்குன்னு நினைச்சுப் பாருங்க. மணல், வயல், ஏரி, வடக்கே கொசஸ்தலையாறு, கிழக்கே உப்பளம், அதுக்கும் கிழக்கே கடல்.

அடுத்தது பக்கிங்காம் கால்வாய். நமக்கெல்லாம் அது சாக்கடை. ஆனா அதோட பிறப்பைத் தேடினா ஆச்சரியமா இருக்கு. சென்னைலேர்ந்து எண்ணூர் வரைக்குமான பகுதி 1806 வாக்குல உப்புநீர்க் கால்வாயா வெட்டப்பட்டது. அப்ப அதுக்குப் பேர் காக்ரேன் கால்வாய். பக்கிங்காம்னு பேர் வந்தது 1878ல. அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் 1876-78 தாது வருஷப் பஞ்சம். பஞ்சத்துல அடிபட்டு வந்த ஜனங்களுக்கு நிவாரண வேலை குடுக்கணும்னு கூவத்தையும் அடையாறையும் இணைக்கிற பகுதியை வெட்ட வச்சாங்க. அப்ப கவர்னரா இருந்த பக்கிங்காம் பிரபு பேரை வச்சாங்க.

அந்தப் பஞ்சத்துக்கு மழை பொய்ச்சது ஒரு காரணம். அந்த வருஷங்கள்ல பசிபிக் கடல்ல வலுவான எல் நினோ இருந்ததுதான் மழை பொய்க்கக் காரணம்னு இப்ப ஆராய்ச்சி பண்ணி சொல்றாங்க. பஞ்சத்துலயும் தானியத்தை ஏற்றுமதி பண்ணின வெள்ளைக்கார அரசாங்கம் இன்னொரு காரணம். கூலிக்கு மண்ணு சுமந்தவனுக்கு எல் நினோவும் தெரியாது, லண்டன் சந்தை விலையும் தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சது பசி. நான் தினமும் தாண்டிப் போற கால்வாய்க்கு வானிலைப் பேரழிவோட இப்படி ஒரு சொந்தம் இருக்குன்னு எனக்கு இத்தனை வருஷமா தெரியாது.

*

இப்ப 1960கள். எங்க ஊரோட தலையெழுத்து மாறின நேரம்.

1965ல இந்திய அரசும், அமெரிக்காவோட அமோக்கோவும், ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனமும் கூட்டா சேர்ந்து மெட்ராஸ் ரிஃபைனரீஸ் கம்பெனியை ஆரம்பிச்சாங்க. 1969ல மணலி சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பிச்சுது. ஆரம்பத்துல வருஷத்துக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கிற திறன். இன்னிக்கு அது 105 லட்சம் டன். (2000ல பேரு சென்னை பெட்ரோலியம்னு மாறிடுச்சு. எங்க தெருப் பெருசுகளுக்கு இன்னும் 'எம்.ஆர்.எல்'தான்.) 1966 டிசம்பர்ல மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் பதிவாச்சு, 1971ல உற்பத்தி ஆரம்பிச்சுது. அப்ப பக்கத்து ஆலையிலேர்ந்து வந்த நாப்தாவை வச்சு யூரியா. 1970ல எண்ணூர் அனல் மின் நிலையம். அப்புறம் 80கள்ல பெட்ரோ கெமிக்கல் கம்பெனிகள் வரிசையா வந்துச்சு.

இதெல்லாம் புத்தகத்துலயும் நெட்டுலயும் கிடைக்கும். எனக்கு வேற ஒரு கேள்வி இருந்துச்சு. இத்தனை புகைபோக்கி ஊருக்குள்ள வரும்போது ஊர் ஜனம் ஏன் கத்தலை?

ஆயாகிட்ட கேட்டேன். ஆயாவுக்கு இப்ப எண்பது வயசு. தாத்தாவுக்கு இருந்த ஒரு காணி நிலம் தொழிற்சாலைகளுக்காகப் போன நிலங்கள்ல ஒண்ணு. திட்டுவாங்கன்னு எதிர்பார்த்தேன்.

"இன்னாத்துக்குடா கத்தணும்? அப்போ சோத்துக்கே வழியில்ல. ரேசன் கடையில அமெரிக்கா கோதுமையை வச்சுக்கினு இன்னா பண்றதுன்னு முழிச்சோம். யூரியா வருது, நெல்லு நல்லா வெளையும், உன் புள்ளைக்கு வேலை குடுப்பாங்கன்னு சொன்னா, வாங்கடா சாமின்னுதான் சொல்லுவோம்."

தேதிகளைப் பக்கத்துல வச்சுப் பாத்தேன். 1965, 1966னு நாட்டுல தொடர்ந்து ரெண்டு வருஷம் வறட்சி. அமெரிக்காவுலேர்ந்து கப்பல் கப்பலா கோதுமை. 1967 தேர்தல்ல தமிழ்நாட்டோட பெரிய வாக்குறுதியே ரூபாய்க்கு மூணு படி அரிசி. அதே வருஷங்கள்லதான் இந்த உரத் தொழிற்சாலை காகிதத்துல உருவாகுது. அந்தத் தலைமுறைக்கு இயற்கைன்னா பூங்கா இல்லை. நினைச்சா மழை பெய்யாம ஆளைக் கொல்லக்கூடிய ஒண்ணு. அதுகிட்டேர்ந்து காப்பாத்த வந்த சாமியாத்தான் அவங்க புகைபோக்கியைப் பாத்தாங்க. இன்னிக்கு ஏ.சி. ரூம்ல உக்காந்துக்கிட்டு அவங்களை நாம 'விழிப்புணர்வு இல்லாதவங்க'ன்னு சொன்னா அது அநியாயம்.

*

அடுத்த தலைமுறை, எங்க அப்பா. பேர் சொல்ல வேணாம்னு நினைக்கிற ஒரு ஆலையில ஒப்பந்த ஃபிட்டரா இருந்தார். ஷட்டவுன் சமயத்துல பதினெட்டு மணி நேரம்லாம் வேலை பாத்துட்டு வருவார். அவர் தலைமுறையை மாத்தின சம்பவம் மணலியில நடக்கலை, போபால்ல நடந்துச்சு. 1984 டிசம்பர் 2 ராத்திரி. அப்ப அப்பாவுக்குப் பதினாறு வயசு. போபால் கதையைக் கேட்ட அப்புறம் எங்க ஊர்ல சங்குச் சத்தத்துக்கே வேற அர்த்தம் வந்துடுச்சும்பார். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து, அதுக்குக் குறுக்கால ஓடணும், ஈரத்துண்டை மூக்குல கட்டிக்கணும்னு அஞ்சு வயசுலயே எனக்குச் சொல்லிக் குடுத்தார். மத்த அப்பாங்க சைக்கிள் ஓட்டச் சொல்லிக் குடுத்தாங்க :-)

சிரிச்சுட்டு விட்டுட முடியாத விஷயம். 2023 டிசம்பர் 26 நடுராத்திரி எண்ணூர் பெரியகுப்பம் பக்கத்துல கடலுக்கடியில போற அமோனியா குழாய்ல கசிவு. ஜனங்க தூக்கத்துலேர்ந்து எழுந்து குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு ரோட்டுல ஓடினாங்க. 50க்கும் மேற்பட்டவங்க ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. டிவியில பாத்த அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "காத்து."

அப்பா தலைமுறைக்கு இன்னொரு பாடம், தண்ணி. 1969லேர்ந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணத்து வயல்கள்லேர்ந்து நகரத்துக்கும் இந்தத் தொழிற்சாலைகளுக்கும் நிலத்தடி நீரை உறிஞ்சாங்க. மீஞ்சூர் பக்கம் கடல் தண்ணி நிலத்துக்கடியில பல கிலோமீட்டர் உள்ளே வந்துடுச்சு. கிணறு உப்பாச்சு. தண்ணி கிடைக்காம ஆலைகளே தவிச்சதுக்கு அப்புறம்தான், 90கள்ல, கொடுங்கையூர்லேர்ந்து வர்ற சாக்கடைத் தண்ணியை வாங்கி சுத்தம் பண்ணி உபயோகிக்க ஆரம்பிச்சாங்க. இந்தியாவுல இதுக்கு முன்னோடிகள்ல மணலியும் ஒண்ணு. 2019ல கொடுங்கையூர்ல நாளுக்கு 4.5 கோடி லிட்டர் சுத்திகரிக்கிற நிலையமே தொழிற்சாலைகளுக்காக வந்துச்சு. அதே 2019 ஜூன்லதான் சென்னைக்குத் தண்ணி தர்ற ஏரிகள் எல்லாம் வறண்டு, ஓ.எம்.ஆர் கம்பெனிகள் 'வீட்லேர்ந்து வேலை பாருங்க'ன்னு சொன்னது. எங்க ஆலைக்காரங்க முப்பது வருஷம் முன்னாடி கத்துக்கிட்டதை எங்க ஐ.டி. கம்பெனிகள் அன்னிக்குத்தான் கத்துக்கிச்சு. யாரா இருந்தாலும் சொந்தக் குழாய்ல காத்து வந்தாத்தான் புரியுது.

*

இப்ப என் கதை.

2009ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க தொழிற்பகுதிகளுக்கு மாசுக் குறியீடு போட்டுச்சு. மணலிக்கு 76.32. 70ஐத் தாண்டினாலே 'மிகவும் மோசமாக மாசடைந்த பகுதி'. 2010ல புதுத் தொழிற்சாலைகளுக்குத் தற்காலிகத் தடையே போட்டாங்க. அப்ப நான் ஏழாம் கிளாஸ். ஸ்கூல்ல சுற்றுச்சூழல் கட்டுரைப் போட்டி வச்சாங்க. நான் அதுல என்ன எழுதினேன் தெரியுமா? டெல்லியில காத்து மோசம், கங்கை அசுத்தம்னு ரெண்டு பக்கம். எனக்கு ரெண்டாவது பரிசு. மணலிங்கற வார்த்தையே அந்தக் கட்டுரையில கிடையாது!

இது எனக்கு மட்டும் நடந்த கூத்துன்னு நினைச்சேன். அப்புறம் தேடினா, 90கள்ல பீட்டர் கான்னு ஒரு அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர் ஹூஸ்டன் நகரத்துக் குழந்தைகள்கிட்ட பேட்டி எடுத்திருக்கார். ஹூஸ்டனும் நம்ம மணலி மாதிரியே எண்ணெய் சுத்திகரிப்பு ஊர். மூணுல ரெண்டு பங்கு குழந்தைகளுக்கு காத்து மாசுன்னா என்னன்னு நல்லாத் தெரிஞ்சிருக்கு. ஆனா மூணுல ஒரு பங்குதான் தன்னோட ஊர்ல அது இருக்குன்னு சொன்னாங்க. ஒவ்வொரு தலைமுறையும் தான் பிறந்தப்ப எப்படி இருந்துச்சோ அதையே 'சாதாரணம்'னு எடுத்துக்குதுன்னு அவர் சொல்றார். இதையேதான் மீன்வள விஞ்ஞானி டேனியல் பாலி 1995ல எழுதின ஒரு சின்னக் கட்டுரையில, ஒவ்வொரு தலைமுறை விஞ்ஞானியும் தன் காலத்து மீன் அளவையே அடிப்படைக் கோடா வச்சுக்கறான், கோடு கீழ இறங்கிக்கிட்டே போகுதுன்னு சொன்னார்.

எங்க பாஷையில சொல்லணும்னா, பக் இருக்கிற சாஃப்ட்வேரையே ரெஃபரன்ஸா வச்சு டெஸ்ட் பண்ற மாதிரி. எல்லா டெஸ்ட்டும் பாஸ்தான் ஆகும்.

ஆயாவோட கோடு நெல்வயல். அப்பாவோட கோடு ரெண்டு மூணு புகைபோக்கியும் இறால் கிடைச்ச ஆறும். என் கோடு ராத்திரி வானத்துல எரியற அந்த நெருப்பு. சின்ன வயசுல கரண்ட் போனா அந்த வெளிச்சத்துலதான் மாடியில சாப்பிடுவோம். எல்லா ஊர்லயும் வானம் ராத்திரி ஆரஞ்சாத்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். 2015ல ஶ்ரீபெரும்புதூர் பக்கம் காலேஜ் ஹாஸ்டல்ல முதல் ராத்திரி. கும்மிருட்டு, ஒரு வாசனையும் இல்லை. பயத்துல தூங்கவே இல்லை நான்.

*

அந்தக் கோடு அழிஞ்சது 2017 ஜனவரி கடைசியில. 28ஆம் தேதி எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சு. மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்தோட சூடு ஆறாத நேரம். நாங்க பசங்க ஏழு பேர் எர்ணாவூர் கரைக்குப் போனோம். கையில என்ன தெரியுமா? பிளாஸ்டிக் வாளி. கடல்லேர்ந்து எண்ணெய்ச் சகதியை வாளியால மொண்டு, கைமாத்திக் கைமாத்தி பேரல்ல ஊத்தினோம். ராக்கெட் விடற நாடு!

அன்னிக்கு சாயங்காலம் தேங்காயெண்ணெய் போட்டுத் தேச்சும் கை கருப்பு போகலை. அந்த வாசனை மட்டும் எனக்கு நல்லாவே தெரிஞ்சுது. அப்பா வேலை முடிஞ்சு வந்து சட்டையைக் கழட்டும்போது வர்ற வாசனை. என் ஸ்கூல் ஃபீஸோட வாசனை.

அதுக்கு முன்னாடி வரைக்கும் பருவநிலை மாற்றம்கறது எனக்கு ஒரு கிராஃப். கார்பன் மேல போகுது, வெப்பம் மேல போகுது, அவ்ளோதான். அந்த வாளி கையில இருந்தப்பதான் அந்தக் கிராஃப்ல எங்க குடும்பமும் ஒரு புள்ளின்னு உறைச்சுது. அதே மாசம்தான் டி.எம். கிருஷ்ணா எண்ணூர் கழிமுகத்துல நின்னு பாடின 'சென்னை பொறம்போக்குப் பாடல்' வீடியோவும் வந்துச்சு. தீட்சிதர் இருந்த ஊருக்குப் பக்கத்துல கர்நாடக சங்கீதம் இப்படித் திரும்பி வந்துச்சு, சாம்பலுக்கு நடுவுல.

அப்புறம் வெள்ளங்கள். 2015 டிசம்பர், 2021 நவம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம். பூண்டி நிரம்பித் திறந்தா கொசஸ்தலையாறு பொங்கி மணலி புதுநகர், சடையங்குப்பம் பக்கம் எல்லாம் தண்ணி. மிக்ஜாம் சமயத்துல மணலி தொழிற்பகுதியிலேர்ந்து வெள்ளத்தோட எண்ணெயும் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணூர் கழிமுகம் வரைக்கும் போச்சு. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாவே முன்வந்து வழக்கு எடுத்துச்சு. மறுபடியும் மீனவர்கள் படகுல போய் கையால எண்ணெய் அள்ளினாங்க. பஞ்ச காலத்து ஜனம் கூலிக்கு மண் சுமந்த அதே கால்வாய்.

இதுல ஒரு வேடிக்கை. ஒரே வெள்ளத்துக்கு எங்க வீட்ல மூணு விளக்கம். ஆயா: "கலி முத்திப் போச்சு." அப்பா: "ஏரியைச் சொல்லாம திறந்துட்டான், கால்வாயைத் தூர்வாரலை." நான்: "காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் அதிகமா ஈரத்தைத் தாங்கும், அதான் இப்படிக் கொட்டுது." ரொம்ப நாள் நான் சொல்றதுதான் கரெக்டுன்னு சண்டை போட்டுக்கிட்டிருந்தேன். இப்ப அப்படி இல்லை. வானத்துலேர்ந்து விழுற தண்ணிக்கு என் விளக்கம் சரி. விழுந்த தண்ணி எங்க வீட்டுக்குள்ள ஏன் வந்துச்சுங்கறதுக்கு அப்பாவோட விளக்கம் சரி. ஃபிட்டர் ஆச்சே, அடைப்பு எங்கேன்னு தேடுறது அவர் தொழில்.

அதுக்காக அனுபவம் மட்டுமே போதும்னும் சொல்ல மாட்டேன். 2011ல கொலம்பியா பல்கலைக்கழகத்துல ஒரு ஆய்வு வந்துச்சு. இன்னிக்கு வழக்கத்தை விட சூடா இருக்குன்னு நினைக்கிற ஆளுங்க, அன்னிக்கு மட்டும் புவி வெப்பமாதலை அதிகமா நம்பறாங்களாம்! குளிர்ந்தா நம்பிக்கையும் குளிர்ந்துடுது. 2015ல மூழ்கின சென்னை நாலே வருஷத்துல தண்ணி லாரி பின்னாடி ஓடினதும், மறுபடி மழை பெஞ்சதும் அதையும் மறந்ததும் நமக்குத் தெரிஞ்ச கதைதானே. அனுபவம் நல்ல வாத்தியார், ஆனா ஞாபக மறதி ஜாஸ்தி. அதனாலதான் வரலாறு எழுதி வைக்கணும்னு தோணுது.

*

இவ்ளோ நேரம் சுத்தி வளைச்சதுக்குக் காரணம் இருக்கு. ஒரு வருஷமா எங்க வீட்ல ஒரு பஞ்சாயத்து ஓடுது. தங்கச்சி மகனுக்கு நாலு வயசு, எங்க கூடத்தான் இருக்கான். அடிக்கடி மூச்சு இழுக்குது. டாக்டர் இன்ஹேலர் எழுதிக் குடுத்திருக்கார். எல்லாரும் ஓ.எம்.ஆர் பக்கம் போயிடலாம்னு நான் சொல்றேன். அப்பா வர மாட்டேங்கறார்.

"அந்தப் புகைதான்டா உன்னைப் படிக்க வச்சுது. அதைக் குறை சொல்லிட்டு நீ பள்ளிக்கரணைல சதுப்பு நிலத்தை மூடிக் கட்டின ஃபிளாட்டுக்குப் போவ. அது மட்டும் யோக்கியமா?"

பதில் சொல்ல முடியலைங்க. என் ஆபீஸ் இருக்கிற இடமும் ஒரு காலத்துல தண்ணி நின்ன இடம்தான். பதினாறாவது மாடியில உக்காந்தா அது தெரியறதில்லை. நாத்தம் வராத இடத்துல மூக்கு இன்னும் சீக்கிரம் பழகிடுது.

போன வாரம் பொடியன் ஸ்கூலுக்காக 'இரவு'ன்னு ஒரு படம் வரைஞ்சான். கருப்பு வானம், நிலா, நாலு நட்சத்திரம். நிலாவுக்குப் பக்கத்துல ஒரு நீளக் குச்சி, அது மேல ஆரஞ்சுல நெருப்பு. அப்பா அதைக் கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தார்.

"இது என்னடா கண்ணு?"

"நைட்டு தாத்தா. நைட்டுல இது இருக்கும்ல?"

அப்பா ஒண்ணும் சொல்லலை. ராத்திரி சாப்பிடும்போது மெதுவா கேட்டார்: "நீ பாத்த வீட்டுக்கு வாடகை எவ்ளோ சொன்ன?"

இன்னும் முடிவாகலை. ஆயா கண்டிப்பா வர மாட்டேன்னு சொல்லிட்டாங்க. நாங்க போனாலும் மணலியில நிறைய ஜனம் இருக்கும், அவங்க பசங்களும் அதே படத்தைத்தான் வரைவாங்கங்கறது எனக்குத் தெரியும். அதனால போறதை ஒரு தீர்வுன்னு சொல்லிக்க வாய் வரலை. ஆனா போறதுக்கு முன்னாடி பொடியனை ஒரு நாள் ஆயா பக்கத்துல உக்கார வச்சு, எங்க நெல் இருந்துச்சு, எந்தக் கால்வாய்ல இறால் பிடிச்சாங்கன்னு கேக்க வைக்கப் போறேன். அவனோட கோடு கொஞ்சமாவது மேல இருக்கட்டும்.

உங்க ஊர்ல உங்க மூக்குக்குப் பழகிப் போனது என்னன்னு யோசிச்சுப் பாருங்க. முடிஞ்சா எழுதுங்க. தெரியலைன்னா வெளியூர் நண்பன் ஒருத்தனை சாப்பிடக் கூப்பிடுங்க. பஸ்ஸை விட்டு இறங்கினதும் அவனே சொல்லிடுவான் :-)